பனிமலை ஏரிக்கு ஒருநாள் நடை: வடசென்னையிலிருந்து கிளம்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உத்தராகண்டின் ருத்ரபிரயாக் மாவட்டத்தில் தியோரியா தால் என்றொரு ஏரி இருக்கிறது. உயரம் 2,438 மீட்டர். அடிவாரத்தில் உள்ள சாரி கிராமத்திலிருந்து கல் பாவிய பாதையில் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நடந்தால் போதும். ஏற்றம் 400 மீட்டர் அளவுக்கு வரும். காற்று அசையாத காலை நேரத்தில் 7,138 மீட்டர் உயரமுள்ள சௌகாம்பா சிகரம் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். யட்சன் தருமரிடம் கேள்வி கேட்டது இந்தக் கரையில்தான் என்று அந்தப் பக்கத்து மக்கள் நம்புகிறார்கள். மலையே ஏறிப் பழகாத குடும்பமும் போய்வரக்கூடிய இடம் இது.

இவ்வளவு சுலபமான நடையைக்கூடப் பலர் பாதியில் விட்டுத் திரும்புகிறார்கள். பாதை கடினம் என்பதால் இல்லை. தண்டையார்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ உட்கார்ந்து தேதி குறித்தபோது விட்ட பிழைகள், ஏரிக்குப் போகும் காலையில் மொத்தமாக வந்து நிற்கின்றன.

ஏரியைப் படம் பார்த்துத் தேர்ந்தெடுப்பது

இதுதான் முதல் தவறு, ஆபத்தும் இதில்தான் அதிகம். இமாச்சலத்தின் சந்திரதால் படத்தைப் பார்த்தால் யாருக்கும் போகத் தோன்றும். ஏரிக்கு வெகு அருகிலேயே வண்டி போகும், கடைசியில் கொஞ்ச தூரம் நடந்தால் போதும் என்றதும் ‘இதுதான் ஈஸி’ என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். ஆனால் அதன் உயரம் சுமார் 4,250 மீட்டர். கடல் மட்டத்தில் வாழும் நாம், 2,000 மீட்டர் உயரமுள்ள மணாலியில் ஒரு ராத்திரி தூங்கிவிட்டு மறுநாளே அங்கே போய் இறங்கினால், நடை குறைவு என்பது எந்த உதவியும் செய்யாது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குத்தான் இருக்கும். தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், தூக்கமின்மை எல்லாம் பெரும்பாலும் அங்கே போய்ச் சேர்ந்த ராத்திரியில்தான் தொடங்கும். இருட்டில் அந்த ரோட்டில் கீழே இறங்குவது லேசான காரியம் இல்லை.

எனவே கிலோமீட்டரைப் பார்க்கும் முன் மூன்று எண்களைக் கேளுங்கள்: ஏரியின் உயரம், முந்தைய இரவு தூங்கப்போகும் ஊரின் உயரம், நடக்கும்போது ஏற வேண்டிய மொத்த ஏற்றம். உயரத்தால் வரும் இந்த மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொல்லை தரும். முதல் முறை போகிறவர்கள் அந்த உயரத்தை ஒட்டியே இருப்பது நல்லது. தியோரியா தால் அதற்குள் அடங்கும். மண்டி அருகிலுள்ள பராசர் ஏரி 2,730 மீட்டர். முதல் நாள் இரவு மண்டியிலோ அடிவாரத்திலோ தங்கிவிட்டு ஏறினால் பெரும்பாலானவர்களுக்குச் சிரமம் இருக்காது. 4,200 மீட்டருக்கு மேலுள்ள பிருகு ஏரி போன்றவற்றை ‘ஒருநாள் ட்ரெக்’ என்று விற்றாலும் முதல் பயணத்துக்கு வேண்டாம்.

உயரம் எதுவானாலும், தலைவலியோடு வாந்தியும் சேர்ந்து வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு மேலே போகக் கூடாது. இறங்குவதுதான் வைத்தியம். இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டிக்கெட் போடும் முன்பே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலோ வேறெங்கோ வழக்கமாகப் பார்ப்பவரிடம், போகும் இடத்தின் உயரத்தையும் சொல்லிக் கேளுங்கள். ‘டூர் போறேன்’ என்று மட்டும் சொன்னால் அவருக்கு விஷயம் புரியாது.

லீவுக் கணக்கில் விடும் பிழை

நடை ஒருநாள் என்பதால் பயணத்தையும் நெருக்கிப் போட்டுவிடுகிறார்கள். ரயிலில் போவதானால் கணக்கு இப்படி வரும். சென்ட்ரலில் இரவு பத்து மணிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் மூன்றாம் நாள் காலை புது தில்லி. அங்கிருந்து அன்று மாலைக்குள் ரிஷிகேஷ். நான்காம் நாள் முழுவதும் மலை ரோடு: தேவபிரயாக், ருத்ரபிரயாக், குண்ட், உகிமட் வழியாகச் சாரி. ஐந்தாம் நாள் காலையில்தான் நடை. திரும்பி வருவதையும் சேர்த்தால் ஒன்பது நாளுக்குக் குறையாது. விமானத்தில் தேராதூன் போனால் ஐந்து நாளில் முடிக்கலாம். விம்கோ நகரிலிருந்து மெட்ரோ நேராக விமான நிலையத்துக்கே போகிறது என்பது நமக்கு வசதிதான். ஆனால் முதல் வண்டி கிளம்புவதே காலை ஐந்து மணி வாக்கில் என்பதால், ஆறு மணி விமானத்துக்கு அதை நம்ப முடியாது.

ரிஷிகேஷிலிருந்து சாரி சுமார் 200 கிலோமீட்டர். பாண்டிச்சேரி ரோடு நினைப்பில் ‘நாலு மணி நேரம்’ என்று போடாதீர்கள். எட்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ரிஷிகேஷில் காலை ஆறுக்குள் கிளம்பாவிட்டால் கடைசி வளைவுகளை இருட்டில் கடக்க வேண்டியிருக்கும். அங்கே இரவில் ஓட்ட அனுபவமுள்ள டிரைவர்களே தயங்குவார்கள். வளைவில் வாந்தி வருகிறவர்களுக்கு முன் சீட் கொடுங்கள். டாக்டர் சொன்ன மாத்திரையை வண்டி ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும்.

நிலச்சரிவுக்கென்று ஒரு நாளைக் கையில் வைத்துக்கொள்வது அவசியம். அந்த நாள் இல்லாமல் திரும்பும் டிக்கெட் போட்டவர்கள்தான் தலைவலியோடும் மழையோடும் ‘வந்தது வந்தாச்சு’ என்று ஏறுகிறார்கள்.

மே மாதமே நல்லது என்று நினைப்பது

பள்ளி விடுமுறை என்பதால் மே மாதம் எல்லோருக்கும் வசதி. ஆனால் ரிஷிகேஷிலிருந்து குண்ட் வரையுள்ள ரோடுதான் கேதார்நாத் போகும் ரோடும். யாத்திரை தொடங்கியதும் அங்கே வண்டிகள் ஊர்ந்துதான் போகும். அறை வாடகையும் ஏறிவிடும். மே, ஜூனில் மதியத்துக்கு மேல் இடி மழையும் சகஜம். ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை பருவமழை. ரோடு சரியும், பாதையில் அட்டைப்பூச்சி இருக்கும், சிகரம் தெரியாது. டிசம்பருக்கு மேல் பனி விழும். அது பழகியவர்களுக்கான காலம்.

அக்டோபர்தான் சரியான மாதம். மழை கழுவிவிட்ட வானம், சிகரங்கள் துல்லியமாகத் தெரியும். ஆயுதபூஜை விடுமுறையும் பெரும்பாலும் அதில்தான் வரும். ஆனால் சாரியில் இரவுக் குளிர் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். தில்லியில் 30 டிகிரி இருக்கும் நேரத்திலும் ஏரிக்கரையில் சுமார் 15 டிகிரிதான் இருக்கும், காற்றடித்தால் அதுவும் குளிராகத்தான் உறைக்கும்.

ஷூ

கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியது இது. முதல் வகைத் தவறு, கிளம்பும் வாரம் எம்.சி. ரோட்டுக்குப் போய்ப் புது ஷூ வாங்குவது. இரண்டாவது, பரணில் கிடக்கும் பழைய ஷூவை எடுத்துத் துடைத்துப் போடுவது. பின்னது இன்னும் மோசம். பல ஷூக்களின் அடிப்பாகத்திலுள்ள பாலியூரித்தேன் நுரை, ஈரக்காற்று பட்டுப் பட்டுப் போடாமலே வைத்திருந்தாலும் உள்ளுக்குள் உதிர்ந்துவிடும். கடலோரத்து ஈரத்தில் ஐந்தாறு வருடம் கிடந்த ஷூ பார்க்கப் புதுசாக இருக்கும். ஏற ஆரம்பித்த அரை மணியில் அடி தனியாக வாய் பிளக்கும். ஊரிலேயே சோதித்துவிடுங்கள். அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். விரிசல் விட்டாலோ, மாவு போல உதிர்ந்தாலோ, ஒட்டிய விளிம்பில் நகம் உள்ளே போனாலோ, அந்த ஷூ வேண்டாம்.

புதிதாக வாங்குவதானால் மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், தடித்த சாக்ஸ் போட்டுப் பாருங்கள். லேஸ் கட்டாமல் காலை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு கடைப் படிக்கட்டில் வேகமாக இறங்குங்கள். பெருவிரல் முன்னால் இடித்தால் ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள். மலையில் நகம் கறுப்பது ஏறும்போது இல்லை, இறங்கும்போதுதான். வாங்கிய ஷூவைப் போட்டு மொத்தம் 40 கிலோமீட்டராவது நடந்த பிறகே ஊரைவிட்டுக் கிளம்புங்கள். கொப்புளம் எங்கே வரும் என்பது அதற்குள் தெரிந்துவிடும். அந்த இடத்தில் பிளாஸ்திரியை ஏறும் முன்பே ஒட்டிவிடலாம்.

சமதரையில் நடந்து பழகுவது

வடசென்னை தட்டையான ஊர். எண்ணூர் வரை நடந்தாலும் ஏற்றம் என்று சொல்ல மேம்பாலங்கள்தான் உண்டு. தினமும் ஐந்து கிலோமீட்டர் வாக்கிங் போகிறவர்களுக்கும் படியேறும் தசை பழகியிருக்காது. 400 மீட்டர் ஏற்றம் என்றால் சாதாரணப் படியில் 2,500 படி. மூன்று மாடிக் குடியிருப்பில் தரையிலிருந்து மேலே போனால் ஒன்பது மீட்டர். 45 தடவை ஏறினால்தான் கணக்கு சரியாகும். ஆறு வாரத்துக்கு முன்பே தொடங்கி, வாரம் நான்கு நாள், ஐந்து தடவையில் ஆரம்பித்து இருபதுக்குக் கொண்டுவாருங்கள். கடைசி இரண்டு வாரம் முதுகில் நான்கு கிலோ பையோடு ஏறுங்கள். இறங்குவதும் பயிற்சிதான், லிஃப்டில் இறங்காதீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடி ஜீவாவிலோ பெரம்பூரிலோ திருத்தணி லோக்கல் பிடித்துப் போய் அங்குள்ள 365 படிகளை மூன்று தடவை ஏறி இறங்கிப் பாருங்கள். அலிபிரியில் 3,550 படி ஏறித் திருமலைக்கு நடந்து போய்ப் பழகியவர்களுக்குக் கால் ஏற்கெனவே தயார்தான். ஆனால் திருமலை ஆயிரம் மீட்டருக்கும் குறைவு. தியோரியா தாலில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான் என்பதால், கால் வலிக்கும் முன் மூச்சு வாங்கும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

தாமதமாக ஏறுவது

பழகியவர்களுக்கு, தட்டையில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்று கணக்குப் போடுவார்கள். அதன்படி சாரியிலிருந்து ஏரிக்கு ஒன்றேகால் மணி நேரம். முதல் முறை போகிறவர்கள் இதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

டிபன் சாப்பிட்டு, குளித்து, பத்து மணிக்குக் கிளம்பினால் மேலே சேரும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிடும். அதற்குள் மேகம் ஏறி சௌகாம்பா மறைந்துபோகும், காற்று எழுந்து தண்ணீர் கலங்கும். ஏரி வெறும் பச்சைக் குட்டையாகத்தான் தெரியும். இருட்டு விலகியதும் கிளம்பினால் எட்டு, எட்டரைக்கு மேலே இருக்கலாம். காசிமேட்டில் காற்று கிளம்பும் முன் வலை போட்டுவிட வேண்டும் என்று பார்ப்பதைப் போலத்தான் இதுவும். ஏரிக்கரையில் கூடாரம் போட்டு விடியலைப் பார்க்கலாம் என்ற பழைய திட்டத்தைக் கைவிடுங்கள். 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் புக்யால் எனப்படும் மலைப் புல்வெளிகளில் இரவு தங்கத் தடை விதித்தது. ஏரி இருப்பதும் வனத்துறைப் பகுதி; நுழைவுக் கட்டணம் உண்டு. சாரியில் ராத்திரி தங்குவதே சரி.

கூட்டமாகப் போனால் மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். இளைஞர்கள் ஓடிப்போய் மேலே காத்திருப்பதும், அம்மாவும் மாமாவும் பின்னால் தனியாக மூச்சு வாங்கிக்கொண்டு வருவதும் நம்மவர்களிடம் அதிகம். பின்னால் யாருக்காவது தலைசுற்றினால் முன்னால் போனவருக்குத் தெரியாது.

பையில் என்ன

காட்டன் பனியன், ஜீன்ஸ் இரண்டையும் நடைக்குத் தவிர்த்துவிடுங்கள். வியர்வையில் நனைந்தால் காயாது. மேலே உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் நடுக்கம் வரும். விளையாட்டு வீரர்கள் போடும் பாலியஸ்டர் டீ-ஷர்ட், அதன் மேல் ஒரு ஃப்ளீஸ் (கம்பளி போல கதகதப்பான செயற்கை இழைச் சட்டை), அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத ஜெர்கின். கனமான ஒரே ஸ்வெட்டரைவிட இந்த மூன்றும் மேல். உலர்ந்த பனியன் ஒன்றை பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துப்போய் ஏரிக்கரையில் மாற்றிக்கொள்ளுங்கள். குளிர் விடுவதை உடனே உணர்வீர்கள்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். குளிரில் தாகம் தெரியாது என்பதால் அரை மணிக்கு ஒரு தடவை நாலு வாய் குடிக்க வேண்டும். உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சாப்பாட்டுக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும், கடலை மிட்டாய், பேரீச்சம்பழம். போன் குளிரில் சீக்கிரம் சார்ஜ் இறங்கும். உள்பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள், வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே வேலை செய்யாது. ஆளுக்குக் கொஞ்சம் சில்லறை நோட்டு வேண்டும். அவசர எண் அங்கேயும் 112, ஆம்புலன்ஸுக்கு 108.

ஏரியில் இறங்குவது

கடலில் நீந்தி வளர்ந்த பையன்களுக்கு இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். நம் கடல் வெதுவெதுப்பானது. மலை ஏரியில் 15 டிகிரிக்கும் கீழான தண்ணீரில் குதித்தால் முதல் நிமிடத்திலேயே மூச்சு தானாக இழுக்கும். அந்த இழுப்பில் தண்ணீர் உள்ளே போகும். நீச்சல் தெரிந்தவரும் மூழ்குவது இதனால்தான். சில நிமிடத்தில் கை கால் சொன்னபடி கேட்காது. காப்பாற்றக் குதிப்பவருக்கும் இதே கதிதான். அந்த ஊராருக்கு அது தெய்வ இடம் என்பதையும் நினைத்துக்கொண்டு, கால் நனைப்பதைக்கூட விட்டுவிடலாம். சோப்பு, ஷாம்பு, மிச்ச சாப்பாடு எதுவும் தண்ணீரில் சேரக் கூடாது. கொண்டுபோன கவர், பாட்டில் எல்லாம் அதே பையில் கீழே வர வேண்டும்.

பதினொரு மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள். இறங்கும் முன் லேஸை அவிழ்த்துக் கணுக்காலுக்கு மேல் இறுக்கிக் கட்டுங்கள், முழங்காலைச் சற்று மடக்கி, அடி சின்னதாக வையுங்கள். வயதானவர்களுக்குக் கைத்தடி ஒன்று கட்டாயம். ஒரு மணிக்குள் சாரி வந்துவிடலாம். அன்றே ரிஷிகேஷுக்கு வண்டி பிடிக்க வேண்டாம். உகிமட்டிலோ ருத்ரபிரயாகிலோ தங்கி மறுநாள் காலை கிளம்புங்கள்.