ரயில்வே கிளப் பதிவுகளில் தாத்தாவைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் ஏதோ ஒரு ரயில்வே கிளப்பின் பழைய உறுப்பினர் பட்டியலில் தாத்தா பெயரைப் பார்த்ததும், 'ரயில்வேயில் வேலை பார்த்தார்' என்று குறித்துக்கொள்கிறார்கள். பெரிய தவறு இதுதான். 1899இல் லண்டனில் தொடங்கிய ரயில்வே கிளப், 1909இல் தொடங்கிய ஸ்டீஃபன்சன் லோகோமோட்டிவ் சொசைட்டி போன்றவை ரயில் ஆர்வலர்கள் சேர்ந்து நடத்திய சங்கங்கள். ரயில்வேயில் வேலையே பார்க்காதவர்களும் உறுப்பினராக இருந்தார்கள். வேலை பார்த்தாரா என்று தெரிய ஊழியர் பதிவேடு வேண்டும். லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அவை கம்பெனி வாரியாக இருக்கின்றன.

அங்கே எந்தக் கம்பெனி என்பதில் கோட்டைவிடக் கூடாது. 1923இல் பெரும்பாலான கம்பெனிகளை நான்காக இணைத்தார்கள். 1948இல் அந்த நான்கும் அரசுடைமை ஆயின. அதனால் 1910இல் சேர்ந்தவரை, பின்னால் வந்த கம்பெனியின் பெயரில் மட்டும் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

அப்புறம், புகைப்படங்கள். இவைதான் கிளப்புகளிடம் இருக்கும் பெரிய சொத்து, அதிகம் ஏமாற்றுவதும் இவையே. இன்ஜின் பக்கத்தில் ஒருவர் நிற்கிறார், பின்பக்கம் '1938' என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. அதை அப்படியே நம்பாமல் இன்ஜினின் எண்ணைப் பாருங்கள். அந்த நான்கில் ஒன்றான எல்எம்எஸ் கம்பெனியின் பெரும்பாலான இன்ஜின்களுக்கு 1948 முதல் பழைய எண்ணோடு 40000 கூட்டிப் புது எண் கொடுத்தார்கள். 5305 என்பது 45305 ஆனது. படத்தில் 45305 என்று தெரிந்தால் 1938 என்ற குறிப்பு தவறு. படத்தில் நிற்பவரின் வயதுக் கணக்கும் அதோடு மாறிவிடும்.

இன்ஜினின் முன்பக்கம் '5ஏ' என்று சின்னத் தகடு இருந்தால், அது க்ரூ (Crewe) என்ற ஊரின் வடக்கு ஷெட்டை, அதாவது இன்ஜின்களை நிறுத்திப் பராமரிக்கும் கொட்டகையை, குறிக்கும். ஆனால் அது இன்ஜினின் ஷெட். பக்கத்தில் நிற்கும் ஆளும் அங்கேதான் வேலை பார்த்தார் என்று அர்த்தமில்லை. இன்ஜின்கள் ஊர் ஊராகப் போய்வந்தன.

ஊழியர்களே நடத்திய அமைப்புகளின் நோட்டுகளைப் பலர் தொடுவதே இல்லை, அதுதான் எனக்கு வருத்தம். டிரைவர்களும், இன்ஜினில் கரி போடும் ஃபயர்மேன்களும் வேலை நேரம் போகத் தாங்களாகவே கூடி இன்ஜின் நுட்பமும் விதிகளும் படித்த வகுப்புகள் பல ஷெட்களில் இருந்தன. அப்படி ஒரு வகுப்பின் குறிப்பேட்டில் தாத்தா பெயர் இருந்தால், ஆர்வலர் சங்கப் பட்டியலைவிட அது பல மடங்கு உறுதியான தடயம்.

கிளப்புக்கு எழுதும்போது பெயரை மட்டும் அனுப்பாதீர்கள். ஊர், ஷெட், தோராயமான ஆண்டுகள், பார்த்த வேலை எல்லாம் சேர்த்து எழுதுங்கள். பல கிளப்புகளில் ஆவணங்களைப் பார்த்துக்கொள்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பெட்டி பெட்டியாகத் தேட அவர்களுக்கு நேரம் இருக்காது.