தொங்கவிட்டு டைட் வைக்காதீர்கள்: பிக்கப் முன்சக்கர வேலையில் காசைத் தின்னும் தவறுகள்

பழைய பிக்கப் ஒன்றை வாங்கி, முன்சக்கர வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் இளைஞர்கள் இப்போது நிறைய. நல்ல விஷயம்தான். லேபர் மிச்சம், வண்டியின் அடிப்பாகமும் பழகிவிடும். ஆனால் வேலை கெட்டுப்போய்ப் பட்டறைக்கு வரும் வண்டிகளைப் பார்த்தால், தொழில் பழகுகிற எல்லோரும் செய்கிற அதே தவறுகள்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. ஸ்டாண்ட் போடாமல் அடியில் படுக்காதே, பின்சக்கரத்துக்குக் கட்டை வை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

இசுசு டி-மேக்ஸை வைத்துச் சொல்கிறேன். முன்பக்கம் சக்கரத்தை சேஸிஸோடு இணைக்க மேலும் கீழும் இரண்டு ஆர்ம், நடுவில் காயில் ஸ்பிரிங், பின்பக்கம் லீஃப் பட்டை. டாடா ஸெனானில் காயிலுக்குப் பதில் டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கொண்டு பாரம் தாங்கும் இரும்புத் தண்டு இருக்கும். ஆர்மை சேஸிஸோடு பிடிக்கும் ரப்பர் புஷ்ஷும், ஆர்மின் மறுமுனையைச் சக்கரப் பக்கத்தோடு பிடிக்கும் பால் ஜாயிண்டும் வேலை செய்யும் விதம் இரண்டிலும் ஒன்றுதான்.

சத்தம் வந்ததும் ஷாக்கை மாற்றுவது

பள்ளத்தில் "டொக்" என்று தட்டினால் உடனே ஷாக் அப்சார்பர் வாங்கிவிடுகிறார்கள். அது விலை கூடிய சாமான், ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகும் சத்தம் அப்படியே இருக்கும், ஏனென்றால் தேய்ந்தது ஸ்டெபிலைசர் லிங்க்காகவோ (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியின் முனையில் உள்ள சின்னத் துண்டு) லோயர் ஆர்ம் புஷ்ஷாகவோ இருந்திருக்கும்.

முதலில் ஆட்டம் எங்கே என்று பாருங்கள். ஜாக்கியை லோயர் ஆர்முக்கு அடியில், பால் ஜாயிண்டுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கே வைத்துத் தூக்குங்கள். அப்போதுதான் ஸ்பிரிங்கின் பாரம் ஜாயிண்டை விட்டு இறங்கும், ஒளிந்திருக்கும் ஆட்டம் வெளியே வரும். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். இடமும் வலமுமாக ஆடினால், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டைப் பாருங்கள். புஷ்ஷுக்கு ஒரு லீவரை ஆர்முக்கும் சேஸிஸுக்கும் இடையில் விட்டு நெம்பினால் போதும், கிழிந்த ரப்பர் வாயைப் பிளக்கும்.

புஷ்ஷை அந்தரத்தில் டைட் வைப்பது

இந்தத் தவறைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. நல்ல சாமான் குப்பைக்குப் போகிறது, பழி சாமான் விற்றவர் மேல் விழுகிறது.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஓட்டும் ஒருவர் டி-மேக்ஸைக் கொண்டுவந்தார். வேறொரு பட்டறையில் லோயர் ஆர்ம் புஷ் மாற்றியிருக்கிறார்கள். சில மாதத்திலேயே பழைய சத்தம் திரும்பிவிட்டது. லோக்கல் சாமான் போட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டை போட்டு, இந்த முறை சொந்தக் காசில் கம்பெனி புஷ் வாங்கிக் கொடுத்து மாட்டச் சொல்லியிருக்கிறார். அதுவும் கிழிந்தது. கழற்றிப் பார்த்தபோது இரண்டு பக்கத்து ரப்பரும் ஒரே திசையில், உள்குழாயை ஒட்டி வட்டமாகக் கிழிந்திருந்தது. சாமான் மட்டமாக இருந்தால் இப்படி ஒழுங்காகக் கிழியாது. போல்ட்டை எந்த நிலையில் டைட் வைத்தார்கள் என்று கேட்டேன். "ஜாக்கி மேலயே எல்லாம் முடிச்சுட்டாங்கண்ணே" என்றார்.

என்ன நடக்கிறது என்றால், இந்த புஷ்ஷில் வெளியே ஒரு இரும்பு வளையம், உள்ளே ஒரு இரும்புக் குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். வெளி வளையம் ஆர்முக்குள் இறுகி உட்கார்ந்திருக்கும். உள்குழாயை போல்ட் சேஸிஸோடு சேர்த்துப் பூட்டிவிடும். ஆர்ம் ஏறி இறங்கும்போது எதுவும் வழுக்கிச் சுழலாது, ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு மறுபடி பழைய நிலைக்கு வரும். ஈரத்துணியைப் பிழிவதுபோல அந்த முறுக்கு. எந்த நிலையில் போல்ட்டை டைட் வைக்கிறோமோ, அதுதான் ரப்பருக்கு முறுக்கே இல்லாத நிலை.

ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போது டைட் வைத்தால், ரப்பருக்குத் தொங்குகிற நிலைதான் சொந்த நிலை. வண்டியை இறக்கினதுமே அது முறுக்கிக்கொள்ளும். 40 செ.மீ. நீள ஆர்மில் சக்கரம் 8 செ.மீ. தொங்கியிருந்தால் கிட்டத்தட்ட 11 டிகிரி முறுக்கு. வண்டி சும்மா நிற்கும்போதே இவ்வளவு. ராத்திரி முழுக்க நிற்கும்போதும் ரப்பருக்கு ஓய்வு கிடையாது. பள்ளத்தில் இறங்கி ஏறினால் அதற்கு மேலும் முறுக்கும், கிழியும். அந்த முறுக்கு வண்டியைக் கொஞ்சம் தூக்கியும் நிறுத்தும். அந்த உயரத்தில் பார்த்த அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்), ரப்பர் தளர்ந்ததும் மாறிப்போகும். டயரும் ஒரு பக்கமாகத் தேயும்.

சரி, எப்படிச் செய்ய வேண்டும்? வண்டியைத் தூக்குவதற்கு முன்னால், சமதரையில் நிற்கும்போதே, ஹப் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து, இரண்டு பக்கத்து அளவையும் மட்கார்டிலேயே சாக்பீஸால் எழுதிவிடுங்கள். மாட்டும்போது போல்ட்டைக் கையால் முடிகிற அளவுக்கு மட்டும் திருகுங்கள். எல்லாம் மாட்டியதும் சக்கரத்தைப் போட்டு, வண்டியை இறக்கி, முன்னால் பின்னால் கொஞ்சம் உருட்டி, பானெட்டை நாலு முறை அழுத்தி விடுங்கள். அப்புறம் அடியில் புகுந்து, அந்த வண்டியின் மேனுவலில் உள்ள அளவுக்கு, டைட்டை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் டைட் வையுங்கள்.

பட்டறையில் இருப்பதுபோல இறங்கி வேலை பார்க்கும் பள்ளம் இல்லாத இடத்தில் அடியில் புக முடியாதே என்பார்கள். அதற்குத்தான் அந்த சாக்பீஸ் அளவு. சேஸிஸில் ஸ்டாண்ட் இருக்கட்டும். லோயர் ஆர்மின் அடியில், பால் ஜாயிண்ட் பக்கமாக ஜாக்கி வைத்து, டேப்பில் அதே அளவு வரும்வரை ஏற்றுங்கள். அந்த இடத்தில் வண்டி ஸ்டாண்டை விட்டு லேசாக எழும்பும். எழும்பத்தான் செய்யும், ஆனால் ஸ்டாண்டை எடுத்துவிடாதீர்கள். அந்த நிலையில் டைட் வையுங்கள். அப்பர் ஆர்ம் புஷ்ஷுக்கும், ஷாக்கின் கீழ் புஷ்ஷுக்கும் இதே முறைதான். இவ்வளவுக்கும் ஆகிற நேரம் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட இல்லை. அதை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் அந்த மனிதர் இரண்டு செட் புஷ்ஷும் இரண்டு லேபரும் கொடுத்தார், மார்க்கெட் நாட்களில் வண்டியையும் நிறுத்திப் போட்டார்.

ஆர்மை முழுசாக வாங்குவது

ஆர்ம் வளையாமல், விரிசல் விடாமல் இருந்தால் புஷ்ஷை மட்டும் மாற்றலாம். பிரஸ் வைத்திருக்கும் லேத் பட்டறையில் கொடுத்தால் கொஞ்சம் காசில் முடித்துக் கொடுப்பார்கள். இரண்டு விஷயம் மட்டும் சொல்லிக் கொடுங்கள். அழுத்துவது வெளி வளையத்தின் மேல் மட்டும் இருக்க வேண்டும், உள்குழாயில் அழுத்தினால் ரப்பர் அங்கேயே பிய்ந்துவிடும். சில புஷ்களில் ரப்பரில் ஒரு பக்கம் காலி இடம் விட்டிருப்பார்கள், பழையது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று எடுப்பதற்கு முன்பே ஆர்மில் கோடு போட்டுவிடுங்கள். வழுக்கலுக்கு சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸும் ஆயிலும் ரப்பருக்கு ஆகாது.

பழைய வண்டிச் சாமான் விற்கும் சென்னை புதுப்பேட்டை மாதிரி இடத்தில் பழைய ஆர்ம் எடுப்பதில் தப்பில்லை. உங்களுடையதைப் பக்கத்தில் வைத்து, துளைக்குத் துளை அளந்து வாங்குங்கள்.

பால் ஜாயிண்டில் மிச்சம் பிடிப்பது

கூடாது. புஷ் கிழிந்தால் சத்தம் வரும். லோயர் பால் ஜாயிண்ட் கழன்றால் ஓடும் வண்டியில் சக்கரம் மடங்கும். பழைய ஜாயிண்ட், பெயர் தெரியாத ஜாயிண்ட் இரண்டும் வேண்டாம். டை ராட் எண்டுக்கும் இதேதான்.

எடுக்கும்போது நட்டை முழுசாகக் கழற்றாமல் சில மரை விட்டுவைத்து, நக்கிளில் (ஹப்பைத் தாங்கும் இரும்பு) ஜாயிண்டின் ஸ்டட் நுழைந்திருக்கும் கண்ணின் பக்கவாட்டில் சுத்தியால் தட்டுங்கள். ஸ்டட் மரையில் தட்டாதீர்கள். கவட்டை மாதிரி இருக்கும் ஃபோர்க் விட்டு நெம்பினால் ரப்பர் பூட் கிழியும், தூக்கிப் போடப்போகிற ஜாயிண்டுக்கு மட்டும் அது சரி.

ஸ்பிளிட் பின்

பால் ஜாயிண்ட் நட் கழலாமல் இருக்க ஸ்டட் துளையில் விட்டு மடக்கும் பின் இது. நட்டின் வெட்டுக்கு நேராகத் துளை வராவிட்டால் இன்னும் கொஞ்சம் டைட் வைத்து நேராக்குங்கள். லூஸ் பண்ணி நேராக்கக் கூடாது. பின் எப்போதும் புதுசு.

காயிலை ஷாக்கிலிருந்து பிரிப்பது

ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் சரியான கம்ப்ரஸர் இல்லையா, தொடாதீர்கள். பட்டறையில் கொடுங்கள்.

அலைன்மென்டைத் தள்ளிப்போடுவது

லோயர் ஆர்மில் கேம் போல்ட் (திருப்பினால் சக்கரக் கோணத்தை மாற்றும் போல்ட்) உள்ள வண்டியில், கழற்றும் முன்பே கேம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பெயிண்ட் வைத்துவிடுங்கள். டைட் வைக்கும்போது நட்டை மட்டும் திருப்புங்கள், போல்ட் தலையைத் திருப்பினால் கேம் நகர்ந்துவிடும். அந்தக் குறி அலைன்மென்ட் கடைவரை வண்டியை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். லோடு ஏற்றும் முன்பே போய் அளவு பார்த்துவிடுங்கள், ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் போனால் முன் டயரின் ஒரு விளிம்பு அதற்குள் தேயத் தொடங்கியிருக்கும்.