கிளாம்ப் வாங்கப் போறீங்களா, பைய முறுக்குங்க

தேன்பெட்டி செய்ய ஆரம்பிச்ச பொறவுதான், பசை காயுற வர பலகைய இறுக்கிப் பிடிக்குற கிளாம்ப்போட அருமை எனக்குத் தெரிஞ்சுது. மார்த்தாண்டம் பக்கம் எங்க ஆளுக்கெல்லாம் தை மாசிக்குள்ள, ரப்பர் மரம் துளிர் விடும்போது, பெட்டி தோட்டத்துல இருக்கணும், அந்த அவசரத்துல நாலு பலகைக்குப் பசை தடவி ஆணி அடிச்சு விட்டா பெட்டி கோணிப் போவும். கோணினா என்ன இப்போன்னு கேக்கப்பிடாது. தேனீ அடை கட்டுற சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவுல ஒரு 8 மில்லிமீட்டர் சந்து வேணும், தேனீ நடமாட. ஒரு பக்கம் அது பெருத்துப் போச்சுன்னா அங்கயும் மெழுகு வெச்சு அடை கட்டி சட்டத்த சுவரோட சேத்துரும், பொறவு சட்டம் வராது, கொட்டுதான் வரும்.

முதல்ல என்ன வாங்கணும்னு சொல்லுதேன். பெருசா ஒண்ணு வாங்குறத விட சின்னதா நாலு வாங்குங்க, கிளாம்ப் ஒத்தையா இருந்தா பாதி வேலைக்கு ஒதவாது. எனக்குக் கை போறது 12 இஞ்ச் எஃப் கிளாம்ப்தான் (நீளக் கம்பியில ஒரு தாடை நகருற வகை), நாலு இருந்தா ஒரு பெட்டி அடங்கிரும். ஜி கிளாம்ப் (ஜி எழுத்து மாதிரி வளஞ்சது) 4 இஞ்ச்ல ரெண்டு, இது ஒட்டுறதுக்கு மட்டுமில்ல, டிரில் போடும்போது பலகைய மேசையோட சேத்துப் பிடிக்க (கையால பிடிச்சுட்டு டிரில் போடாதீங்க, பிட் மாட்டினா பலகை சுத்தி விரல்ல அடிக்கும்). ஸ்பிரிங் கிளாம்ப் துணி கிளிப் மாதிரி, பீடிங்னு சொல்ற மெலிசான ஓரச் சட்டம் ஒட்ட கொள்ளாம், அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க.

கடையில அட்டைப்பெட்டியப் பிரிக்காம வாங்கிட்டு வந்துராதீங்க. எஃப் கிளாம்ப்னா கம்பிய கண்ணுக்கு நேரா பிடிச்சு வளைவு இருக்கான்னு பாருங்க, திருகை முழுசா வெளிய ஓட்டிப் பாருங்க, மரை பட்டையா சதுரமா இருக்கணும், போல்ட் மரை மாதிரி கூர்மையா இருந்தா சீக்கிரம் தேஞ்சிரும். நுனியில இருக்க வட்டத்தட்டு ஆடி அசையணும், ஆனா கழண்டு கையில வரப்பிடாது. ஜி கிளாம்ப்ல வார்ப்பிரும்பு விலை கம்மி, ஆனா அதிகமா முறுக்கினா வளையாது, சடக்குன்னு ஒடஞ்சிரும். அடிச்சுச் செஞ்ச எஃகு கெடச்சா அதையே எடுங்க.

அகலமான பலகை சேக்கணும்னா பைப் கிளாம்ப். தலையும் வாலும் மட்டும் வாங்குனா போதும், முக்கால் இஞ்ச் ஜிஐ இரும்பு பைப் வீட்டுல பிளம்பிங் வேலையில மிச்சம் கெடக்கும், ஒரு முனையில மரை போட்டுக்கிட்டா எத்தன அடி வேணும்னாலும் கிளாம்ப் ஆயிரும். பலகைக்கு அடியில ரெண்டு, மேல ஒண்ணுன்னு மாத்தி மாத்திப் போடுங்க, எல்லாத்தையும் ஒரே பக்கம் போட்டா பலகை வில்லு மாதிரி வளஞ்சிரும்.

இப்போ நான் கெடுத்த கதை. முதல் பெட்டிக்கு எஃப் கிளாம்ப் பிடியில ஒரு துண்டு பைப்ப மாட்டி நெம்பி முறுக்கினேன், பசை எல்லாம் வழிஞ்சு ஒழுகுது, ஆஹா நல்லா பிடிச்சிருக்குன்னு ஒரே சந்தோஷம். பக்கத்துல நின்ன மூத்தாசாரி ஒருத்தரு பாத்துட்டு "மக்களே, பலகைய ஒட்டுதியா, கரும்பு ஆட்டுதியா?"ன்னு கேட்டாரு. அப்போ புரியல. ஒரு மழைக்காலம் தாண்டினதும் மூலை பிளந்துது, உள்ள பாத்தா பசையே இல்ல, அத்தனையும் வெளிய போயிருக்கு. சுவரு வேற நடுவுல உள்ள குழிஞ்சிருந்துது, ஏன்னா கிளாம்ப மூலைக்கு நேரா வைக்காம சுவருக்கு நடுவுல வெச்சுட்டேன்.

அதனால இப்போ செய்யுறது இப்படி. பசை தொடுறதுக்கு முன்னாடியே எல்லா கிளாம்பையும் மாட்டி ஒருதரம் இறுக்கிப் பாப்பேன். கையால அமுக்கினா மூடாத சந்த கிளாம்ப் போட்டு மூடினா, கிளாம்ப கழட்டினதும் அது திரும்பத் திறக்கப் பாக்கும், அப்போ இழைப்புளி எடுத்து மரத்தச் சரி பண்ணணும். பொறவு கிளாம்ப அதே அளவுல வரிசையா வெச்சுட்டு பசை மெலிசா தடவி, தாடைக்கு அடியில வேஸ்ட் பிளைவுட் துண்டு வெச்சு, ரெண்டு விரலால சுத்துற மாதிரி ஒவ்வொண்ணா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குறது. மூட்டு நெடுக பசை சின்னச் சின்ன முத்தா பூத்தா போதும், நிறுத்திரணும். உடனே டேப்ப எடுத்து மூலைக்கு மூலை அளங்க. ஒண்ணு 2 மில்லி கூட இருந்தா, நீளமா வந்த அந்த ரெண்டு மூலையையும் ஒரு கிளாம்ப்ல பிடிச்சு லேசா இறுக்குனா சரியாயிரும், பசை காஞ்ச பொறவு சாமியே வந்தாலும் நடக்காது.

வெள்ளைப் பசைன்னா ஒரு மணி நேரத்துல கிளாம்ப எடுக்கலாம், பாரம் ஏத்த ஒரு நாள் பொறுக்கணும். நமக்கு ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, அந்த நாள்ல நான் ராத்திரி முழுக்க விட்டுருவேன். வெளிய கெடக்குற பெட்டிக்கு தண்ணி தாங்குற பசைதான் போடணும்.

கிளாம்ப் இல்லையா, கயிறு இருக்கு. பெட்டியச் சுத்தி ரெண்டு சுத்து கட்டி நடுவுல ஒரு குச்சிய விட்டு முறுக்குங்க, நாற்காலிக் கால் மாதிரி உருண்ட சாமானுக்கு பழைய சைக்கிள் டியூப கீறி இழுத்துச் சுத்துங்க. பத்மநாபபுரம் அரண்மனை பூமுகத்துல, அதாவது முகப்பு மண்டபத்துல, தலைக்கு மேல உள்ள மரத்தட்டுல 90 தினுசு பூ செதுக்கியிருக்காங்க, அந்த ஆசாரிமாரு கிளாம்ப் வாங்க கோட்டாறு கடைத்தெருவுக்கா போனாங்க?

இன்னும் ரெண்டு விஷயம். அயினி, தேக்கு மாதிரி மரத்துல ஈரப்பசையும் இரும்பும் ஒண்ணாப் பட்டா கருப்புக் கறை விழும், நடுவுல பால் கவர் துண்டு வைங்க. ரப்பர் மரத்துல தாடை அமுங்கி குழி விழுந்துட்டா பதறாதீங்க, ஈரத்துணி போட்டு மேல இஸ்திரிப் பெட்டிய ஒரு நிமிஷம் வெச்சா குழி பொங்கி வந்துரும்.

கடல்காத்து படுற ஊர்ல, குளச்சல் முட்டம் பக்கம்னா, திருகுல மிஷின் ஆயில் மாசம் ஒருதரம் விடுங்க. தேங்காய் எண்ணெய் விடாதீங்க, அது கொஞ்ச நாள்ல பிசுபிசுன்னு தூசியப் பிடிச்சுக்கும். எண்ணெய் திருகுக்கு மட்டும்தான், எஃப் கிளாம்ப்போட பட்டைக் கம்பியில பட்டுட்டா நகருற தாடை வழுக்கும், மண்ணெண்ணெய் துணியால தொடச்சு காயவிட்டு எடுங்க.