"விலைபோய்விட்டார்கள்" என்ற பழி வரும்போது: சுயாதீன கேம் உருவாக்குநர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிறு குழுவாக இருந்து கேம் உருவாக்குபவர்கள் பெரிய நிறுவனத்திடம் பணம் பெற்ற செய்தி வெளியான அன்றே, "விலைபோய்விட்டார்கள்" என்ற சொல்லும் அவர்கள் காதில் விழத் தொடங்கிவிடும். பல ஆண்டுகள் சேமிப்பைக் கரைத்து உழைத்தவர்களை இந்தச் சொல் எப்படித் தைக்கும் என்பதை நான் உணர்ந்தே எழுதுகிறேன். ஆயினும் கோபத்தோடு வருபவரிடம் சற்றுப் பேசிப் பார்த்தால், உங்களுக்குப் பணம் கிடைத்ததில் அவருக்கு வருத்தம் இல்லை என்பதும், என்றோ நீங்கள் சொன்ன ஒரு வார்த்தையை நம்பியிருந்ததுதான் அவருடைய மனக்குறை என்பதும் பெரும்பாலும் தெரியவரும்.

ஆகவே, கையெழுத்திடுவதற்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள். கேமைப் பற்றி முதன்முதலாக அறிவித்த நாளிலிருந்து நீங்கள் எழுதியவை, பேட்டிகளில் சொன்னவை, நிதி திரட்டும் பக்கத்தில் எழுத்தில் இருப்பவை ஆகிய அனைத்தையும் திரும்பப் படித்து, அவற்றிலுள்ள வாக்குறுதிகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் தளத்தில் வெளியாகும், எப்போது வெளியாகும், கேமுக்குள் தனிக் கட்டணம் இருக்காது என்று சொன்னீர்களா, லினக்ஸ் கணினிகளுக்கான பதிப்பு உண்டு என்றீர்களா என்று ஒவ்வொன்றாகக் குறித்து, சொன்ன தேதியையும் யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். போகிற போக்கில் சொன்னதையும் விட்டுவிடாதீர்கள். மற்றவர்கள் படம்பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் அப்படிச் சொன்னவற்றைத்தான்.

அந்தத் தாளோடுதான் ஒப்பந்தப் பேச்சுக்குச் செல்ல வேண்டும். கணினி கேம்களை விற்கும் இணையக் கடையாக 2018 டிசம்பரில் தொடங்கப்பட்ட எபிக் கேம்ஸ் ஸ்டோர், விற்பனையில் 12 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. அதன் போட்டிக் கடையான ஸ்டீம் பொதுவாக எடுப்பது 30 சதவீதம். அதோடு, குறிப்பிட்ட காலத்துக்குத் தன் கடையில் மட்டும் விற்க ஒப்புக்கொண்டவர்களுக்கு, விற்பனை குறைந்தாலும் கிடைக்கும் உத்தரவாதத் தொகையையும் எபிக் தந்தது. அடுத்த மாத வாடகை கேள்விக்குறியாக இருக்கும் குழுவுக்கு இது சிறிய உதவி அல்ல, இதை ஏற்பதில் இழுக்கும் இல்லை. ஆனால் ஃபீனிக்ஸ் பாயிண்ட் கேமுக்கு 2017இல் மக்களிடம் நிதி திரட்டியபோது ஸ்டீம் பதிப்பைக் காட்டியே பணம் கேட்கப்பட்டிருந்தது. 2019 மார்ச்சில் அது ஓராண்டுக்கு எபிக்கில் மட்டுமே கிடைக்கும் என்று அறிவித்தபோது, பணத்தைத் திருப்பிக் கேட்கும் வாய்ப்பையும் கூடுதல் உள்ளடக்கத்தை ஓராண்டு இலவசமாகப் பெறும் வசதியையும் நிதி கொடுத்தவர்களுக்கு அந்தக் குழு வழங்கியது. அப்படியும் மனக்கசப்பு முழுவதும் நீங்கவில்லை. முன்பணம் கொடுத்தவர்களுக்கு மட்டும் சொன்ன தளத்திலேயே கேமைத் தர அனுமதிக்கும் விதிவிலக்கை ஒப்பந்தத்தில் எழுதிக் கேளுங்கள். எதிர்த்தரப்பு மறுத்தால், திருப்பித் தர வேண்டியிருக்கும் தொகையைக் கணக்கிட்டு உத்தரவாதத் தொகையிலிருந்து கழித்துப் பாருங்கள். மீதி எவ்வளவோ அதுதான் உங்களுக்கு உண்மையில் கிடைக்கும் பணம்.

அடுத்தது அறிவிப்பு. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். ஊப்லெட்ஸ் கேமை உருவாக்கிய இருவர் 2019இல் எபிக் ஒப்பந்தத்தை அறிவித்தபோது, கோபப்படப் போகிறவர்களை முன்கூட்டியே சீண்டும் விளையாட்டுத் தொனியில் எழுதினார்கள். அதற்கு எதிர்வினையாக ஆயிரக்கணக்கான வசைகளும் மிரட்டல்களும் வந்தன. அவர்கள் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டும் போலிப் படங்களும் பரவின. அந்த வன்முறைக்கு எந்த நியாயமும் கிடையாது. இருந்தாலும், அறிவிப்பை எழுதும்போது உங்களை நம்பி, ஏமாற்றமடையப் போகும் ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுவதே நல்லது. "எங்கள் ரசிகர்களுக்கு மகிழ்ச்சியான செய்தி" என்று தொடங்காதீர்கள். இப்படி எழுதலாம்: "ஸ்டீமில் வெளியிடுவோம் என்று சொல்லியிருந்தோம். ஓராண்டுக்கு அது நடக்காது. எங்களிடம் நான்கு மாதச் செலவுக்கே பணம் இருந்தது. இந்த ஒப்பந்தம் கேமை முடிக்கப் போதுமான பணத்தைத் தருகிறது. முன்பணம் கொடுத்தவர்கள் இந்த முகவரிக்கு எழுதினால் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும்." மாறியது எது, ஏன் மாறியது, படிப்பவர் என்ன செய்யலாம் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. பணம் காரணமாக இருந்தால் பணம் என்றே எழுதுங்கள்.

குழுவையே விற்பதாக இருந்தால் ஒரு கேள்வி கூடும்: இனி முடிவெடுப்பவர் யார்? 2014இல் மைன்கிராஃப்ட் கேமை உருவாக்கிய மொஜாங் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலருக்கு வாங்கியபோது நிறுவனர்கள் வெளியேறுவது அப்போதே சொல்லப்பட்டது. நீங்கள் தொடரப் போவதில்லை என்றால் அதை மறைக்காதீர்கள்.

அறிவிப்பு வெளியான பிறகு முதல் இரண்டு நாட்கள், திட்டவட்டமான கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். வசைகளுக்குப் பதில் வேண்டாம். மிரட்டல்களைப் படியெடுத்து வைத்துக்கொண்டு காவல்துறையிடம் கொடுங்கள். அவற்றை நீங்களே உட்கார்ந்து படிக்காமல், நம்பிக்கையான வேறொருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுப்பது மிக அவசியம்.

பிறகு வாக்குறுதிகளை எழுதிய அந்தத் தாளை எடுத்து மேசையில் வையுங்கள். டபுள் ஃபைன் என்ற கேம் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 2019இல் வாங்கியது. ஆனாலும் நிதி திரட்டியபோது சொன்னபடி சைகோநாட்ஸ் 2 கேம் 2021இல் மைக்ரோசாஃப்டின் போட்டியாளரான சோனியின் பிளேஸ்டேஷன் 4க்கும் வந்தது. உங்கள் ஓராண்டுக் காலம் முடியும் நாளை இப்போதே நாட்காட்டியில் குறித்து, காத்திருந்தவர்களுக்கு அன்று காலையிலேயே ஸ்டீமில் கேமைப் பெறுவதற்கான குறியீடுகள் போய்ச் சேரும்படி மின்னஞ்சல் பட்டியலைத் தயாராக வைத்திருங்கள்.