நாய் மோப்பம் பிடிக்கட்டும், இழுக்காதீர்கள்!

கோலாலம்பூரின் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் காலையில் நாயோடு நடப்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். விளக்குக் கம்பத்தில் நாய் மூக்கை வைத்ததுமே "வா, வா" என்று கயிறு இழுபடும். தவறுகளில் பெரியது இதுதான். அந்தக் கம்பத்தில் எந்த நாய் வந்து போனது, அது ஆணா பெண்ணா என்ற சேதியெல்லாம் இருக்கிறது. வாசனை உணரும் செல்கள் நமக்குச் சுமார் 50 லட்சம், நாய்க்கு 20 கோடிக்கும் மேல்.

ஒருமுறை பக்கத்தில் குனிந்து பாருங்கள். நாசி படபடவென்று துடிக்கும். விடும் மூச்சு மூக்கின் ஓரப் பிளவு வழியாக வெளியேறுவதால், புது வாசனை தடையின்றி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அதுவாகத் தலையைத் தூக்கும்வரை நில்லுங்கள், பேச்சும் கொடுக்காதீர்கள்.

எத்தனை கிலோமீட்டர் நடந்தோம் என்று கணக்குப் பார்ப்பதும் வேண்டாம். தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இரண்டே தெருவை அரைமணி நேரம் மோந்து முடித்தால் அது நல்ல நடைதான். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வாரம் மோப்ப விளையாட்டு ஆடிய நாய்கள், உணவு இருக்குமா இருக்காதா என்று தெரியாத கிண்ணத்தை முன்பைவிட வேகமாக, நம்பிக்கையோடு நெருங்கின. காலோடு ஒட்டி நடக்கப் பழகிய நாய்களிடம் அந்த மாற்றம் இல்லை.

அடுத்தது வெயில். கோலாலம்பூரில் காலை பத்து மணிக்கே தார்ச்சாலை கொதிக்கும். பாதம் சுடுவது ஒரு பக்கம். நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும் நாயால் சரியாக மோப்பமும் பிடிக்க முடியாது. புறங்கையைச் சாலையில் வையுங்கள். ஐந்து விநாடி தாங்கவில்லையென்றால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். விடிந்ததும் போங்கள், இல்லையேல் இருட்டியபின் போங்கள்.

கழுத்துப்பட்டையில் குட்டைக் கயிறு கட்டினால் நாய் குனியும்போதெல்லாம் தொண்டை இறுகும். மார்புப்பட்டையும் மூன்று மீட்டர் கயிறும் போதும். தானே நீளும் சுருள் கயிறு, மோட்டார் சைக்கிள் பறக்கும் நம் தெருக்களுக்கு ஆகாது.

மோப்பம் பிடிக்க விடுவது என்றால் எல்லாவற்றிலும் வாய் வைக்க விடுவதல்ல. லோங்காங் (சாக்கடை) ஓரத் தேங்கல் நீரில் எலிச் சிறுநீர் கலந்திருக்கலாம்; எலிக்காய்ச்சல் நாயிடமிருந்து நமக்கும் தொற்றும். தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போடுங்கள். பாசார் மாலாம் (இரவுச் சந்தை) முடிந்த மறுநாள் அந்தத் தெருவைத் தவிருங்கள், வெந்த கோழி எலும்பு குடலைக் கிழித்துவிடும். மழை விட்ட இரவில் வாசனை தூக்கலாக இருக்கும், தேரையும் வெளியே வரும். அதைக் கவ்வினால் விஷம்.

சூராவ் (முஸ்லிம்களின் சிறு தொழுகைக்கூடம்) வாசலிலும் முஸ்லிம் அண்டைவீட்டார் வேலியோரமும் கயிற்றைக் குறுக்கிப் பிடியுங்கள். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் முறைப்படி கழுவ வேண்டியிருக்கும். யார் வீட்டுக் கேட்டில் சிறுநீர் கழித்தாலும் உடனே ஊற்றிவிட ஒரு போத்தல் தண்ணீர் கையில் இருக்கட்டும்.