சேனை இருப்பு வைக்கும்போது செய்யக்கூடாதவை

சித்திரை, வைகாசியில் நட்ட சேனை தை, மாசியில் தோண்டலுக்கு வரும். எட்டு ஒன்பது மாதம் பாடுபட்டு வளர்த்ததைத் தோண்டிய அன்றைக்கே கெடுத்துக்கொள்கிறார்கள், புதிதாகப் பயிர் வைப்பவர்கள். அழுகலை நல்லதோடு சேர்க்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் செய்வதுதான் நட்டம் வைக்கிறது.

பொங்கல் அவசரம்

தென்மாவட்டங்களில் பொங்கல் சமயத்தில் சேனைக்கு நல்ல கிராக்கி. விற்க முன்கூட்டித் தோண்டலாம். இருப்பு வைக்கக் கூடாது. இலை மஞ்சளித்து, தண்டு தானாகச் சாய்ந்து காய்ந்த பிறகுதான் தோல் முற்றும். இளந்தோல் கிழங்கு நீர் வற்றிச் சுருங்கிவிடும். இலை மஞ்சளிக்கும்போதே பாய்ச்சலை நிறுத்துங்கள்.

காயத்தோடு குவிப்பது

ஒவ்வொரு வருடமும் மனம் பொறுக்காத தவறு இது. தண்டை ஒட்டியே மண்வெட்டியைப் போடுவார்கள், கிழங்கில் விரல் நீளத்துக்கு வெட்டு விழும். "சின்னக் காயம்தானே" என்று அதையும் குவியலில் எறிந்து, மேலே சாக்கைப் போட்டு மூடிவிடுவார்கள். கிழங்குக்கு உயிர் உண்டு, மூச்சு விடும். குவியலின் நடுவில் சூடும் ஈரமும் ஏறும். மண்ணோடு வந்த பூஞ்சணம் வெட்டு வழியே உள்ளே இறங்கும். மேலே பார்த்தால் நன்றாகவே இருக்கும். நாற்றம் வரும்போது அடி வரிசை கூழாகியிருக்கும். போவது கறிக்கிழங்கு மட்டுமல்ல, அடுத்த போகத்து விதையும்தான்.

தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளிச் சுற்றிலும் மண்ணை இளக்கி, கிழங்கை அடியிலிருந்து நெம்பி எடுங்கள். வெட்டுப்பட்டதைத் தனியே பிரித்து முதலில் விற்றுவிடுங்கள், அல்லது சமைத்துவிடுங்கள். மற்றதைக் காற்றோட்டமான நிழலில் ஒற்றை அடுக்காகப் பரப்பி ஒரு வாரம் உலர்த்துங்கள். வேர் பிடுங்கிய இடமும் தண்டுத் தழும்பும் காய்ந்து இறுகிய பிறகே பரணில் ஏற்றலாம்.

கழுவுவது

வேண்டாம். ஒட்டிய மண்ணைக் கையால் உதிர்த்தால் போதும்.

குளிர்சாதனப் பெட்டி

வெட்டிய துண்டுக்குச் சரி. முழுக் கிழங்குக்கு ஆகாது.

ஏற்றிவிட்டு மறப்பது

வெறும் சிமெண்டுத் தரையில் வைக்காமல் மூங்கில் பரணில், அல்லது காய்ந்த மணல் பரப்பி அதன் மேல் அடுக்குங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை திருப்பிப் பாருங்கள். மொட்டைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சுபோல ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. உடனே துடைத்தெடுத்துத் தள்ளி வையுங்கள். அதை அப்படியே நட்டால் முளை நலிந்துவிடும். விதைக்கு வெட்டும்போது ஒவ்வொரு துண்டும் அரைக் கிலோவுக்குக் குறையாமல், நடுமொட்டில் ஒரு பங்கு ஒட்டியிருக்கும்படி வெட்டி, சாணிக் கரைசலில் முக்கி நிழலில் காயவையுங்கள்.