எழுந்திருக்கும் நொடியைக் கவனிப்பது எப்படி?

"எழுந்திருக்கணும்" என்று நினைப்பதற்கும் எழுந்து நிற்பதற்கும் நடுவில் நமக்குள் என்ன நடக்கிறது? குன்னூர் டிசம்பர் குளிரில், விடிகாலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும் தெருவில் குடியிருப்பதால், இதைக் கவனிக்க எனக்குத் தினமும் வாய்க்கிறது. உங்களுக்கும் வாய்க்கும். ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

இரண்டையும் இரவே தலைமாட்டில் வையுங்கள். போனில் எழுத வேண்டாம்; திரையைப் பார்த்ததுமே நினைப்பு கலைந்துவிடும். விழிப்பு வந்ததும் உங்களை நீங்களே அதட்டாதீர்கள். கம்பளிக்குள் கிடந்தபடி மனசில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருங்கள். எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், இரண்டு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: கடைசியாக ஓடிய நினைப்பு எது? உடம்பில் முதலில் அசைந்தது எது?

என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கிறது: "எந்திரி, எந்திரின்னு மூணு தடவை. ஒண்ணும் நடக்கலை. குடத்தை நேத்தே கழுவினோமா? இடது கால் தரையில. சிமெண்ட் சில்லுன்னு இருந்துச்சு."

முடிவெடுத்த நொடி என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. குடம் நினைவுக்கு வந்தது, குளிர் மறந்தது, கால் இறங்கிவிட்டது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் இதே குளிர்காலப் படுக்கையைப் பற்றி எழுதியிருக்கிறார்: பெரும்பாலும் போராடி எழுவதில்லை, தடுக்கும் நினைப்பு ஒரு கணம் விலகும்போது, எழுந்துவிட்டிருப்பதைத்தான் கண்டுகொள்கிறோம் என்று. படித்தபோது நான் நம்பவில்லை. குடம்தான் நம்பவைத்தது.

அந்த நொடியைப் பிடித்தே தீருவேன் என்று காத்துக் கிடந்தால் அந்தக் காத்திருப்பே தடையாகிவிடும். அப்படிப் போன நாளையும் எழுதிவையுங்கள். பத்து நாளாவது வேண்டும்.

இப்படியொரு நொடியை ஆய்வகத்திலும் அளந்திருக்கிறார்கள். 1983இல் அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் குழுவினர், கடிகார முள் போல 2.56 வினாடிக்கு ஒரு சுற்று வரும் ஒளிப்புள்ளியைப் பார்க்கவைத்து, மனசுக்குத் தோன்றும்போது கையை அசைக்கவும், அப்படித் தோன்றியபோது புள்ளி எங்கே இருந்தது என்று சொல்லவும் சொன்னார்கள். "அசைக்கணும்" என்ற உணர்வு அசைவுக்குச் சுமார் 0.2 வினாடி முன்பு வந்தது. மூளையில் ஆயத்தமோ அரை வினாடிக்கும் முன்பே தொடங்கியிருந்தது. அப்படியானால் நாமே முடிவெடுத்துச் செய்கிறோம் என்பதே பொய் என்கிறார்கள் சிலர். எனக்கு அது ஒப்பவில்லை. காரணமே இல்லாமல் அசைக்கும் கையும், தண்ணீர் பிடிக்க இறங்கும் காலும் ஒன்றல்ல.

அதனால் மூன்றாவது கேள்வி ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன்: இதை எப்போது தீர்மானித்தேன்? அந்தக் குடத்து நாளுக்கு நேரே எழுதியிருப்பது: "ராத்திரி 9.40. அலாரம் வச்சப்ப."